உடைத்துவிட்டு உறுதி கேட்பதோ?

தோற்றது குழு! ஒரே ஒரு புள்ளியில் தோற்றது!

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று. ஊர்ப்பெயர் எதற்கு? உங்கள் ஊராகவும் இருக்கலாம், எம் ஊராகவும் இருக்கலாம். திருவிழாவை ஒட்டிக் கபடிப் போட்டி. இரவு பதினொரு மணி. குழல் விளக்குகளைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கின்றன. கயிற்றுக்கு வெளியே கால் வைக்க இடமில்லை. நாமும் அந்தக் கூட்டத்திலேதான் நின்றுகொண்டிருந்தோம்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் பாடிப் போகவேண்டும். அதற்கு முன் இரண்டு முறை அவனுடைய குழு வெறுங்கையோடு திரும்பிவிட்டது. மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும். எடுக்காவிட்டால் ஆளும் போச்சு, ஆட்டமும் போச்சு! போனான் பையன். "தொடு! தொடுடா! விடாதே!" என்று ஊரே கத்தியது. நாமும் கத்தினோம். மறைப்பானேன்?

அவன் கண்கள் எதிரிகளின் கால்மீது இல்லை. கயிற்றுக்கு வெளியே எங்கோ போய்ப் போய் மீண்டன. அந்த ஒரு நொடி போதாதா? மூலையில் நின்றவன் கணுக்காலைப் பற்றினான். மற்ற மூவர் மேலே விழுந்தனர். பாட்டு நின்றது. ஊதல் ஒலித்தது. முடிந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுத வந்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் ஒருவர். தோளிலே துண்டு, முதுகிலே நெல்மூட்டை சுமந்து சுமந்து ஏறிய கூன். பையனின் தந்தை. வந்த வேகத்தில் விட்டார் கன்னத்தில் ஓர் அறை! "மானத்த வாங்கிட்டியேடா!" என்றார். ஊரே பார்த்தது. சிலர் சிரித்தனர். குழுவை நடத்துகிற நம் தோழர், நல்லவர், பத்து ஆண்டாகத் தன் கைப்பணத்தைப் போட்டுப் பிள்ளைகளுக்குப் பனியனும் காற்சட்டையும் வாங்கித் தருகிறவர், அவரும் சொன்னார்: "நல்லாக் குடுங்கண்ணே, அப்பதான் ரோசம் வரும்!"

ரோசம் வந்ததா? மறுநாள் மாலை பையன் திடலுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆறு வாரம் கழித்து, இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் கடை ஒன்றிலே, முழங்கைவரை கிரீசோடு அவனைக் கண்டோம். "ஏன் தம்பி, திடல் பக்கமே காணோமே?" என்று கேட்டோம். திருகாணியைத் திருகிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "பாடப் போனா எதிரில நிக்கிறவன் தெரியலண்ணே. அப்பா முகந்தான் தெரியுது."

தோழரிடம் இதைச் சொன்னோம். "மனசுல உறுதி இல்லாத பய. அது பொறப்புலயே வரணும்" என்று கையை விரித்துவிட்டார்.

பிறப்பிலேயே வரவேண்டுமாம்! பிறப்பிலே வருவது, தலையிலே எழுதியிருப்பது, இரத்தத்திலே ஓடுவது என்னும் பேச்சையெல்லாம் எதிர்த்து மேடைமேடையாகத் தொண்டை வறளக் கத்தினோமே, அந்தப் பேச்சு எங்கே வந்து ஒளிந்துகொண்டது பார்த்தீர்களா? நம்முடைய கபடித் திடலிலே! நம்முடைய தோழரின் வாயிலே!

அச்சம் என்பது என்ன? முதலில் அதைக் கேட்போம். சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல ஒரு சிறு சுரப்பி உண்டு. ஆபத்து என்று மூளை கருதிய மாத்திரத்தில் அது தன் சாற்றை இரத்தத்திலே கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது. கை வியர்க்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. பார்வை குறுகுகிறது. காட்டிலே புலியைக் கண்ட ஆதிமனிதன் ஓடிப் பிழைக்க உதவிய ஏற்பாடு இது. கோழைக்கும் உண்டு, வீரனுக்கும் உண்டு. உலகப் பட்டம் வென்றவனுக்கும் ஆட்டத்திற்கு முன் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. ஆகவே, அச்சம் வந்தது குற்றமன்று. வந்த அச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்கு யாரேனும் சொல்லிக்கொடுத்தோமா என்பதே கேள்வி.

1908ஆம் ஆண்டு யெர்க்ஸ், டாட்சன் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வழிகளில் சரியான வழி எது என்று எலி கற்கவேண்டும். தவறினால் மின்சாரம் சுரீர் என்று தாக்கும். எளிய பாடத்திற்குத் தாக்குதல் கூடியபோது எலி விரைந்து கற்றது. பாடம் கடினமானபோது? தாக்குதல் அளவு மீற மீறக் கற்றல் கெட்டது. அதாவது, மூட்டை தூக்கு என்றால் அதட்டலுக்கு ஆள் வேகமாகத் தூக்குவான். கடைசி நொடியில் ஏழு பேர் நடுவே நுழைந்து எவன் கால் முன்னே வருகிறது என்று கணிக்கச் சொன்னால், அதட்டல் அறிவைத்தான் முதலில் விழுங்கும். எலிக்கும் மனிதனுக்கும் தூரம் உண்டு, ஒப்புகிறோம். ஆனால் அந்த இரவு கயிற்றோரத்தில் நாம் கொடுத்ததும் மின்சாரமே.

விளையாட்டுக்கு மனப்பயிற்சி என்பது நேற்று முளைத்த நாகரிகமும் அன்று. 1925லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்பவர் இதற்கென்றே ஆய்வுக்கூடம் அமைத்தார். நூறாண்டு ஆகிவிட்டது! நம் திடலுக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவே.

நம்மவர் ஒருவரையே எடுத்துக்கொள்வோமே. சென்னையிலே 2006இல் பிறந்த குகேஷ். 2024 நவம்பர் இறுதியில் சிங்கப்பூரிலே உலகச் சதுரங்கப் பட்டத்திற்கான போர். எதிரே சீனத்தின் டிங் லிரன். முதல் ஆட்டம், அதுவும் வெள்ளைக் காய் குகேஷ் கையில். தோற்றார்! உலகமே பார்த்திருக்கத் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். பதினொன்றாம் ஆட்டத்தில் வென்று முன்னேறினார். பன்னிரண்டாம் ஆட்டத்திலே மறுபடி அடி. டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம், கறுப்புக் காய். சமனிலேதான் முடியும் என்று பார்த்தவரெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த நேரம். குகேஷ் எழுந்துவிடவில்லை. இன்னும் ஒரு நகர்த்தல், இன்னும் ஒரு நகர்த்தல் என்று அமர்ந்தே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் பிழை செய்தார். பதினெட்டு வயதில் உலக வீரர்! வென்றவுடன் துள்ளிக் குதித்தாரா? அழுதார். அழுதுகொண்டே காய்களைப் பழையபடி பலகையில் அடுக்கி வைத்தார்.

"ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்போர் கவனிக்க!

தோற்ற டிங் லிரனும் இளைத்தவரல்லர். 2023இல் உலகப் பட்டம் வென்றபின் மனச்சோர்வு அவரை வாட்டியது. அதை அவர் மூடி மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். அந்த நிலையிலிருந்து வந்து பதினான்கு ஆட்டம் ஈடுகொடுத்தவர் அவர்.

குகேஷின் பின்னே யார் யார் நின்றனர்? தந்தை அறுவை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகச் செல்லத் தம் தொழிலையே நிறுத்தி வைத்தவர். தாய் நுண்ணுயிரியல் கற்றவர். மனப்பயிற்சிக்கென்று பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கர். 2011இல் இந்தியக் கிரிக்கெட் அணி உலகக் கோப்பை வென்றபோதும், 2024 பாரிசில் நம் ஆக்கி அணி வெண்கலம் பெற்றபோதும் உடனிருந்தவர் அவர். நல்லது. மகிழ்கிறோம். குகேஷின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு. மூட்டை சுமப்பவரின் மகனுக்கு எந்த அப்டன் வருவார்? எந்த நாட்டிலிருந்து வருவார்? அவனுக்கு இருப்பது ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற நம் தோழர் ஒருவர்தானே! நல்லதோ கெட்டதோ, அந்தப் பிள்ளையின் மனப்பயிற்சியாளர் அவரே. வேறு ஆள் இல்லை.

ஏழைப் பிள்ளைக்கு உறுதி குறைவோ? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பனைக் கேளுங்கள். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறிக் கால் சிதைந்தது. தாய் காய்கறி விற்றுக் குடும்பம் காத்தார். 2016இல் ரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். மூன்று போட்டி, மூன்று பதக்கம்! சென்னைக் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்க யோசிக்கிறவர் உண்டு. அங்கிருந்து புறப்பட்ட கார்த்திகா 2025இல் பகரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியிலே நின்றாள். உறுதிக்கு முகவரி கிடையாது, தோழர்களே!

ஆனால், உறுதி படைத்தவரையும் உடைக்க முடியும். எப்படி என்று சொல்லவும் நம்மிடையே ஒரு வரலாறு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள் சாந்தி சௌந்திரராசன். ஓடக் கற்றுக் கொடுத்தவர் பாட்டனார்; காலணி வாங்கித் தந்தவரும் அவரே. அரை வயிற்றோடு ஓடிய அந்தப் பெண் 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்து என்ன செய்தார்கள்? பெண்தானா என்று சோதனை! பதக்கத்தைப் பறித்தார்கள். பறித்ததைவிடக் கொடுமை, அதை ஊரறிய உலகறியப் பறையறைந்தது. அந்தப் பெண்ணின் உடலைப் பற்றி நாடு முழுதும் பேசியது. முதலமைச்சராக இருந்த கலைஞர், பறித்தவர் பறிக்கட்டும் என்று 15 லட்ச ரூபாய் பரிசு தந்து பெருமைப்படுத்தினார். இருந்தும் அவமானம் விடவில்லை. 2007இல் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போனார் சாந்தி. பிழைத்தார். சூளை வேலைக்கும் போனார். பின்னர் எழுந்தார். தம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பிற்பாடு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளருமானார்.

800 மீட்டரை உலகத்தரத்தில் ஓடுகிற நெஞ்சுக்கு உறுதி இல்லையா? இருந்தது! அந்த நெஞ்சையே சாய்க்க எது போதுமானதாக இருந்தது? பலர் முன்னே நேர்ந்த அவமானம். இப்போது அந்தப் பதினாறு வயதுப் பையனின் கன்னத்தை நினைத்துப் பாருங்கள்.

"நாங்களெல்லாம் அடிவாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்பார் ஒரு பெரியவர், மீசையை நீவிக்கொண்டு. ஐயா, வணக்கம். தாங்கள் தாங்கினீர்கள், அதனால் இங்கே நின்று பேசுகிறீர்கள். தாங்காதவர்கள் எங்கே? அவர்கள் திடலை விட்டுப் போய் முப்பது ஆண்டாகிறது. சாட்சி சொல்ல அவர்கள் வரமாட்டார்கள். வந்த ஐந்து பேரை எண்ணி "அடி வளர்க்கும்" என்கிறோம். போன ஐம்பது பேரை எண்ணுவார் இல்லை.

அடிப்பதும் அடக்குவதுமே வீரரை உருவாக்கும் என்ற கொள்கை வல்லரசு நாட்டிலும் ஆட்டம் போட்டது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் சிறுமியரை வலி என்று வாய் திறவாதபடி வளர்த்தார்கள். அந்த மௌனத்தின் மறைவிலே அணி மருத்துவனாக இருந்த லாரி நாசர் என்பவன் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைச் சீரழித்தான். 2018இல்தான் 40 ஆண்டு முதல் 175 ஆண்டுவரை சிறை என்று தீர்ப்பாயிற்று. அவனால் பாதிக்கப்பட்டோருள் ஒருவர் சிமோன் பைல்ஸ். 2021 சூலையில் டோக்கியோவில் அணிப் போட்டி. முதல் தாண்டலிலேயே, அந்தரத்தில் உடல் எங்கே சுழல்கிறது என்ற உணர்வு அவருக்குத் தப்பிப்போயிற்று. இரண்டரைச் சுற்று சுற்றவேண்டியவர் ஒன்றரைச் சுற்றோடு இறங்கினார். தலைகீழாக விழுந்தால் கழுத்து முறியும் விளையாட்டு அது. விலகினார். "அஞ்சிவிட்டாள்! நாட்டைக் கைவிட்டாள்!" என்று சாய்வு நாற்காலிகள் எல்லாம் சீறின. சில நாளில் உத்திரக்கட்டைப் போட்டிக்குத் திரும்பி வெண்கலம். 2024 பாரிசில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி! "இப்போது முடியவில்லை" என்று சொல்லத் துணிந்ததால்தான் பிறகு முடிந்தது. நம் திடலில் ஒரு பெண்பிள்ளை "அந்தப் பயிற்சியாளர் கிட்டப் போக எனக்குப் பயமா இருக்கு" என்றால், உறுதி போதவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். முழுவதும் கேளுங்கள்.

சரி, செய்யவேண்டியது என்ன? பணம் வேண்டுமோ? வேண்டாம். வெளிநாட்டு நிபுணர்? வேண்டாம். வந்தால் வரவேற்போம், வராதவரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். கபடிக்காரனுக்கு மூச்சைப் பற்றிப் பாடம் நடத்துவதா என்று சிரிக்காதீர்கள். ஒரு மூச்சிலே பாடிப்போய் மீளும் விளையாட்டை உலகுக்குக் காட்டிய மண் இது! பாடுவதென்றால் என்ன? மூச்சை மெல்ல மெல்ல வெளியே விடுவதுதானே. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீண்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும். இது உடலின் இயற்கை. களத்தில் இறங்குமுன், கோட்டருகே நின்று, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள். ஐந்து முறை போதும். அன்றாடம் செய்யவேண்டும், திருவிழா அன்று மட்டும் செய்தால் பலிக்காது.

அடுத்தது கண். அந்த இரவில் பையன் தோற்றது காலாலன்று, கண்ணாலே. புள்ளிப் பலகையைப் பார்க்காதே, கூட்டத்தைப் பார்க்காதே என்றால் பிள்ளை அதையே பார்ப்பான். "பார்க்காதே" என்பது எவனுக்கும் பயன்படாத கட்டளை. எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள். "வலது மூலைக்காரன் முன்னங்காலைப் பார்." இது பிள்ளையால் செய்யக்கூடியது. "செயிச்சிட்டு வா" என்பது அவன் கையில் மட்டும் இல்லாதது. எதிரே ஏழு பேர் இருக்கிறார்களே! அவன் கையில் இருப்பதை அவனுக்குக் கொடுங்கள்.

ஆட்டத்திற்கு முன் எலுமிச்சம்பழம் நசுக்குவது, முழங்கையில் கயிறு கட்டுவது, இடது காலை முதலில் வைப்பது இவையும் நடக்கின்றன. நம் பிள்ளைகளிடமே நடக்கின்றன! சண்டைக்குப் போகவேண்டாம். ஆனால் ஒன்றை விளக்குங்கள். கயிறு அறுந்தால் பிள்ளையின் துணிவும் அறுகிறது. மூன்று முறை மூச்சு விட்டு, மண்ணைத் தொட்டு, கோட்டைப் பார்த்து இறங்குவது என்ற பழக்கம் அறுவதில்லை. அது அவன் உழைத்துச் சேர்த்தது.

பயிற்சியிலே நெருக்கடியைக் கொண்டு வாருங்கள். அமைதியான மாலையிலே அழகாகப் பாடுகிறவன் ஆயிரம் பேர் நடுவிலே திகைப்பதில் வியப்பென்ன? கால் ஓய்ந்தபின் கடைசிப் பத்து நிமிடம் கடைசி நிமிட ஆட்டம் வையுங்கள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று கூச்சலிடட்டும். ஒலிபெருக்கி இருந்தால் அலறவிடுங்கள். பிடிபட்டால் மறுபடி போகட்டும். இங்கே பிடிபடுவது இழிவன்று என்று அவன் உடம்பு அறியவேண்டும்.

புகழ்வதிலும் கவனம் தேவை. இதைச் சொல்லும்போது நமக்கே சற்றுச் சிரிப்பு வருகிறது. சிங்கமே, சிறுத்தையே, வேங்கையே என்று பட்டங்களை வாரி வழங்குவதில் நம்மை வெல்ல ஆளுண்டோ? ஒரு போட்டி வென்றதும் "வருங்கால இந்திய அணியே!" என்று பையனுக்குப் பத்தடிப் பதாகை! 1998இல் வெளியான மியூலர், துவெக் என்ற அறிஞர்களின் ஆய்வொன்று இதற்குப் பொருத்தம். "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஒரு தோல்வி கண்டதும் சோர்ந்தனர். "நன்றாக உழைத்தாய்" என்று புகழப்பட்டவர்கள் விடாமல் முயன்றனர். சிங்கம் என்று பெயர் வாங்கியவன் தோற்றால் சிங்கம் இல்லை என்றாகிவிடுமே! உழைத்தவன் தோற்றால் நாளையும் உழைக்கலாம். மேடையிலே பட்டம் இருக்கட்டும். திடலிலே "இன்னிக்கு நாலு தடவ கணுக்கால சரியா இழுத்துக்கிட்ட" என்று சொல்லுங்கள்.

தோற்ற இரவிலே எதுவும் பேசவேண்டாம். முதலில் தண்ணீர். பிறகு சோறு. பிறகு தூக்கம். மறுநாள் மாலை உட்காரவைத்து, "ஏன்டா விட்டே?" என்று கேட்காமல், "அங்க என்ன பாத்தே?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளை தலை கவிழ்வான். இரண்டாவதற்குப் பதில் சொல்வான்.

சோறு, தூக்கம் என்றோமே, அதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போய், இரவு ஏழு மணிக்கு வெறும் தேநீரோடு திடலுக்கு வந்து, பத்து மணிக்கு மேல் வீடு சேர்ந்து, அதற்குப் பிறகு கைபேசியோடு நடுநிசிவரை விழித்திருக்கிற பிள்ளைக்கு எங்கிருந்து உறுதி வரும்? பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. பசியைக் கோழைத்தனம் என்று பெயர் மாற்றி அழைப்பது நம் நாட்டில் பழைய தந்திரம். நாமும் அதைச் செய்யலாமா? குழு நிதியிலே கோப்பை வாங்குகிற காசில் பாதி, பயிற்சி நாளிலே ஆளுக்கு இரண்டு முட்டைக்குப் போகட்டும்!

இவற்றையும் மீறி, வாரக்கணக்கில் உறங்காமல், உண்ணாமல், நண்பரோடு பேசாமல் ஒதுங்குகிற பிள்ளை உண்டு. "செத்துடலாம்" என்று விளையாட்டாகச் சொன்னாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர். அது ஊதல்காரர் தீர்க்கும் விவகாரமன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலே மனநல மருத்துவர் உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி ஆலோசனை 2022 முதல் இருக்கிறது. கால் முறிந்தால் கட்டுப்போட ஓடுகிறோம் அல்லவா? அதே வேகத்தோடு ஓடவேண்டும்.

இனி அந்தப் பையனிடம் வருவோம்.

அவ்வூரில் பழைய சடுகுடுக்காரர் ஒருவர் உண்டு. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். முழங்கால் போனதால் ஊன்றுகோலோடு நடக்கிறவர். நடந்ததைக் கேள்விப்பட்டு முதலில் அவர் பையனிடம் போகவில்லை. தந்தையிடம் போனார். நாமும் உடன் போனோம். கிட்டங்கி வாசலிலே, மூட்டைகளுக்கு நடுவே பேச்சு. அங்கேயே கண்டோம், கணக்குப்பிள்ளை ஒருவர், தந்தையைவிடப் பதினைந்து வயது இளையவர், "ஏய், வேலையப் பாருய்யா!" என்று விரட்டியதை. பேசாமல் மூட்டையைத் தூக்கினார் தந்தை. இறக்கிவிட்டு வந்து சொன்னார்: "நாள் பூரா இப்புடித்தாங்க. என் புள்ளயாவது நாலு பேரு மதிக்க நிப்பான்னு நெனச்சேன். அன்னிக்கு நாலு பேரு சிரிச்சிட்டானுவ. கை நீண்டிருச்சு."

அறைந்த கையின்மீது நமக்கிருந்த கோபம் அங்கேயே பாதி போயிற்று. பெரியவர் அதிகம் பேசவில்லை. "சாயங்காலம் திடலுக்கு வா. கயித்தோரமா நில்லு. ஒரு வார்த்தை பேசாத. அவ்வளவுதான்" என்றார்.

பட்டறை முடிந்து பையனை அழைத்துவந்தது குழுத் தோழர். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு தம்பி" என்று பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அது எளிதான செயலன்று. எத்தனையோ மாநாடு கண்ட நாம், அப்படி ஒரு சொல்லை மேடையில் அதிகம் கேட்டதில்லை. பிறகு தினமும் இருபது முறை, கால் ஓய்ந்தபின், கடைசி நிமிடப் பாட்டு. சுற்றிலும் கூச்சல். கயிற்றோரத்திலே தந்தை, வாயை மூடிக்கொண்டு. முதல் வாரம் பையன் கண் அங்கேயே போயிற்று. போகட்டும் என்று விட்டார் பெரியவர். மூன்றாம் வாரத்தில் எப்போதோ போவது நின்றது. எந்த நாளில் நின்றது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

அடுத்த போட்டி பக்கத்து ஊரில். கடைசி ஐந்து நிமிடம் இருக்கையில் மறுபடி அதே நிலை. இரண்டு முறை வெறுங்கை, மூன்றாவது முறை பையன். கோட்டருகே நின்று மூச்சு விட்டான். இறங்கினான். வலது மூலைக்காரனைத் தொட்டும்விட்டான். திரும்புகையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரம், கை நீட்டியும் எட்டவில்லை. வெளியேறினான். கூட்டம் "ச்சூ" கொட்டியது. அந்த ஆட்டத்திலும் குழு தோற்றது, மூன்று புள்ளியில்.

தந்தை கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். நமக்கு ஒரு கணம் திக்கென்றது. கையிலே தண்ணீர்ச் சொம்பு இருந்தது. நீட்டினார். பையன் குடித்து முடிக்கும்வரை நின்றார். "மத்தியானம் சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றான் பையன். இருவரும் பரோட்டாக் கடைப் பக்கம் நடந்தார்கள்.